கண்ணாடியில் பிடித்த கடல்

அட்லாண்டிக்கில் காற்று நின்றுபோனது. அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே பாய்மரக் கப்பல் இரண்டு வாரம் அசையவில்லை. ஆண்டு 1853. மற்ற பயணிகளுக்கு வீணாகப் போன நாட்கள். லியோபோல்ட் பிளாஷ்காவுக்கு அப்படியல்ல. பொஹீமியாவைச் சேர்ந்த கண்ணாடிக் கலைஞர். 1850இல் மனைவியைக் காலராவுக்குப் பறிகொடுத்தவர். பிறகு தந்தையையும் இழந்தவர். துயரத்தை மறக்க அமெரிக்காவுக்குக் கிளம்பியவர், இருண்ட நீரில் ஜெல்லி மீன்கள் ஒளிர்வதைப் பார்த்துப் பார்த்து வரைந்தார்.

ஊர் திரும்பியதும் பழைய பிழைப்புதான்: கண்ணாடி நகைகள், செயற்கைக் கண்கள். 1863இல் ட்ரெஸ்டன் அருங்காட்சியகம் கடல் சாமந்திகளைக் கண்ணாடியில் செய்து கேட்டபோதுதான் அந்தக் கடல் மீண்டும் அவரைத் தேடி வந்தது.

அருங்காட்சியகங்களுக்கு ஒரு சங்கடம் இருந்தது. புலியைப் பாடம் செய்து நிறுத்திவிடலாம். எலும்பில்லாத கடல் பிராணியை என்ன செய்வது? ஆல்கஹாலில் போட்டால் நிறம் வெளுத்து, உருவம் சுருங்கிவிடும். கண்ணாடியில் அந்தப் பிரச்னை இல்லை. ஒளி ஊடுருவும், உருவம் அப்படியே நிற்கும்.

லியோபோல்டும் மகன் ருடால்ஃபும் பயன்படுத்திய கருவிகள் எளியவை. விளக்குச் சுடர், காலால் மிதிக்கும் துருத்தி, இடுக்கிகள், கண்ணாடிக் குச்சிகள். சுடரில் இளகிய கண்ணாடி, இழுத்த இழுப்பில் உணர்கொம்பாக நீளும். தேவையான இடத்தில் கம்பியும் பசையும் வண்ணமும் சேரும். முதலில் புத்தகப் படங்களைப் பார்த்துச் செய்தார்கள். பின்னர் வீட்டிலேயே தொட்டி வைத்து, உயிருள்ள பிராணிகளைக் கவனித்துச் செய்தார்கள்.

வியாபாரம் தபாலில் நடந்தது. 1888இல் வெளியான விலைப்பட்டியலில் சுமார் 700 மாதிரிகள். லண்டன், டப்ளின் அருங்காட்சியகங்கள் வாங்கின. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 1885இல் 570 மாதிரிகளை வாங்கியது. 1890இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் தனக்கு மட்டுமே கண்ணாடித் தாவரங்கள் செய்யும்படி ஒப்பந்தம் போட்டது. கடல் பிராணிகள் நின்றுபோயின. லியோபோல்ட் 1895இலும் ருடால்ஃப் 1939இலும் மறைந்தார்கள். தந்தைக்கு மகன்தான் சீடர்; மகனுக்குச் சீடரும் இல்லை, பிள்ளையும் இல்லை. வித்தை அத்துடன் முடிந்தது.

கடலுக்கடியில் காமிரா போன பிறகு கண்ணாடிப் பிராணிகளை யாரும் சீந்தவில்லை. கார்னெல் மாதிரிகள் கிடங்கில் தூசி படிந்து, உடைந்து கிடந்தன. 1960களில்தான் மீண்டும் கண்ணில் பட்டன.

பாட சாதனமாகப் பிறந்தவை இப்போது சாட்சிகளாகியிருக்கின்றன. கடல் இன்று வெதும்புகிறது; அதன் நீரில் அமிலத்தன்மை கூடுகிறது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு அங்கே என்னவெல்லாம் வாழ்ந்தன என்பதற்கு இந்த மாதிரிகள் ஒரு பேரேடு. கார்னெலின் கடல் உயிரியலாளர் ட்ரூ ஹார்வெல் அந்தப் பேரேட்டை எடுத்துக்கொண்டு கடலில் குதித்தார். கண்ணாடியில் பார்த்தவற்றை இத்தாலி முதல் இந்தோனேசியா வரை உயிரோடு தேடினார். அந்தத் தேடலை 2016இல் புத்தகமாக்கினார். சில பிராணிகள் எளிதில் கிடைத்தன, சில அரிதாகிவிட்டிருந்தன.

கைதவறினால் நொறுங்கும் பொருள் நூற்றாண்டைத் தாண்டி நிற்கிறது. உடைந்த கண்ணாடிக் கையை நிபுணர்கள் பொறுமையாக ஒட்டிவிடுகிறார்கள். கடலில் அற்றுப்போன பிராணியை ஒட்டவைக்கும் பசை யாரிடமும் இல்லை.