முதலில் மருத்துவமனை

சேரிப் பெண் ஒருத்தி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானால் ஊரில் முதலில் கூடுவது கட்டப்பஞ்சாயத்து. சமரசப் பேச்சிலும், புகாரை வாங்கச் சொல்லிக் காவல் நிலைய வாசலில் நிற்பதிலும் மூன்று நாள் ஓடிவிடுகிறது. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரையையோ 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும்.

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 397-ஆம் பிரிவின்படி, அரசு மருத்துவமனையானாலும் தனியாரானாலும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். காவல்துறைக்குத் தகவல் சொல்வதும் அவர்கள் பொறுப்பு. மறுத்தால் ஓராண்டு வரை சிறையோ அபராதமோ உண்டு.

வாச்சாத்திப் பழங்குடிப் பெண்களுக்கு 1992-இல் நடந்த கொடுமைக்கு, சங்கம் துணைநின்று போராடியும் 2011-இல்தான் தீர்ப்பு வந்தது. வழக்கை அப்படி விடாமல் நடத்தலாம். மாத்திரைக்கு அந்த அவகாசமில்லை. ஊர்தோறும் நம் மகளிர் குழுக்கள், பாதிக்கப்பட்டவளை முதலில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லட்டும். பஞ்சாயத்துக்கு யாரும் போக வேண்டாம்.