மரக்கால் யார் கையில்?

பழங்கிராமம் பொன்னுலகமாம்! 1830இல் வெள்ளை அதிகாரி மெட்காஃப், கிராமங்களைக் குட்டிக் குடியரசுகள் என்றெழுதினார். பழமைவிரும்பிகள் இன்றும் அதையே பாடுகின்றனர். அக்குடியரசின் குடிமகன் யார்?

இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்துத் தஞ்சையைப் பாருங்கள். உழைத்த பண்ணையாளுக்குக் கூலி, காசன்று, நெல். அளக்கும் மரக்காலோ மிராசுதார் கையில்! திருமணத்துக்கு வாங்கிய கடன் தந்தையைப் பிணைத்தது. தீராக் கடன் தனயனையும் பிணைத்தது. துணி வெளுத்தவரும் முடி திருத்தியவரும் களத்துமேட்டில் பெற்றது, அவர்கள் கேட்ட விலையா? கொடுத்ததைக் கொள்ளும் கட்டாயம்! பேரம் பேச உரிமையற்ற இடத்தில் வணிகம் ஏது? மானம் ஏது?

1948 நவம்பர் 4இல், அரசியல் நிர்ணய சபையில், மெட்காஃபின் புகழுரையை எடுத்துக்காட்டியே அம்பேத்கர் அப்பொய்யைத் தகர்த்தார். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வரவோ 1976 ஆயிற்று.

தோழர்களே! கிராமப் பெருமை பேசுவோரிடம், மரக்காலைப் பிடித்த கையை முதலில் காட்டச் சொல்லுங்கள்!