விழுந்த ட்ரோனுக்கு விசாரணை, பறந்த ட்ரோனுக்கு?

இங்கிலாந்தின் பூல் நகரில் 2020 மார்ச் மாதம் காவல்துறையின் ட்ரோன் ஒன்று காற்றை எதிர்த்து நிற்க முடியாமல் அடித்துச் செல்லப்பட்டது. இயக்கியவரோடு இருந்த தொடர்பும் அறுந்து, ஒரு வீட்டின் மீது மோதியது. காவல்துறையைச் சாராத விமான விபத்து விசாரணை அமைப்பு அதை விசாரித்து, யாரும் படிக்கும்படி அறிக்கை வெளியிட்டது.

நம் ஊரில் ஓர் இரவுத் தேடுதலில் ட்ரோன் கைமீறிப் போனால் என்ன ஆகும்? மூலக்குளத்தையே எடுத்துக்கொள்வோம். உழவர்கரை நகராட்சியில், விழுப்புரம் சாலையில் வீடுகள் நெருங்கி நிற்கும் பகுதி. இலாசுப்பேட்டை விமான நிலையம் சில கிலோமீட்டர் தொலைவுதான். தெருவெல்லாம் மின்கம்பி, கேபிள் கம்பி. இருட்டில் மெல்லிய கம்பி கேமராவில் தெரிவது கடினம். சிக்னல் போனால் புறப்பட்ட இடத்துக்கே தானாகத் திரும்பும் ஏற்பாடு ட்ரோன்களில் உண்டு. அதற்கும் ஜிபிஎஸ் கிடைக்க வேண்டும், பேட்டரி மிச்சமிருக்க வேண்டும். இல்லையென்றால் விழும். கான்கிரீட் தளத்தில் விழுவதும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் விழுவதும் ஒன்றல்ல.

சட்டம் இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளில் முப்படைகளுக்கு விலக்கு உண்டு; காவல்துறைக்கு அந்த விலக்கு இல்லை. விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் இயக்கியவர் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நானோ ட்ரோன் நீங்கலாக மற்றவற்றுக்கு, பிறருக்கு ஏற்படும் சேதத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தின் காப்பீடு, இழப்பீட்டு விதிகள் பொருந்தும். ஆனால் கூரை உடைந்த குடும்பம் இந்த விதியைக் கையில் எடுத்துக்கொண்டு எந்தக் காவல் நிலையப் படியேறும்?

விழுவதாவது கண்ணுக்குத் தெரியும் விபத்து. ஒழுங்காகப் பறப்பதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. 2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது, திருப்பூரில் மரத்தடியில் கேரம் ஆடிய இளைஞர்களைக் காவல்துறை ட்ரோன் துரத்தியது. கேரம் பலகையாலேயே முகத்தை மறைத்துக்கொண்டு அவர்கள் ஓடிய காணொளி நாடு முழுக்க நகைச்சுவையாகப் பரவியது. 2024 பிப்ரவரி 13 அன்று ஷம்பு எல்லையில் ஹரியானா காவல்துறை விவசாயிகள் மீது ட்ரோனிலிருந்து கண்ணீர்ப்புகைக் குண்டு போட்டது. ட்ரோன் தங்கள் எல்லைக்குள் வந்ததாகப் பஞ்சாப் தரப்பு எதிர்ப்புத் தெரிவித்தது. விவசாயிகள் பட்டம் விட்டுத் தடுக்கப் பார்த்தார்கள். இரண்டு இடத்திலும் எந்திரம் கட்டுப்பாட்டை இழக்கவில்லை. சொன்னபடி கேட்டது. அதனால் விபத்து அறிக்கையும் இல்லை.

இங்கேதான் சாதி வருகிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள். ஆனால் மேலிருந்து பார்க்கும் கேமராவிடமிருந்து அந்தரங்கத்தைக் காப்பது கூரை. நான்கு பக்கம் தட்டி கட்டி, மேலே திறந்திருக்கும் குளியல் மறைப்பு யார் வீட்டில் இருக்கிறது? வெக்கைக்கு வாசலில் கட்டில் போட்டுத் தூங்குவது யார்? நிலமும் வீடும் சாதிப்படி பங்கிடப்பட்ட நாட்டில், வானத்திலிருந்து வரும் பார்வையும் சாதிப்படிதான் விழும். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தான் விரும்பும் அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்க ஒன்றிய அரசுக்கு அதிகாரம் தருகிறது.

வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். 1992இல் அந்தப் பழங்குடி கிராமத்தில் காவல்துறையும் வனத்துறையும் வருவாய்த்துறையும் செய்த கொடுமைக்கு, 2011இல் 215 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பு வந்தது. அடையாள அணிவகுப்பில் பெண்கள் ஆட்களை நேருக்கு நேர் காட்டியது அந்த வழக்கின் முதுகெலும்பு. வந்தவர்களுக்கு முகம் இருந்தது. ட்ரோனுக்கு முகமில்லை. எங்கோ ஒரு வண்டிக்குள் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவரை எந்த அணிவகுப்பில் நிறுத்துவது?

தொழில்நுட்பமே வேண்டாம் என்பதல்ல இந்த வாதம். வெள்ளத்தில் சிக்கியவரைத் தேட ட்ரோன் உதவும். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனி எரிந்தபோது மேலே ஒரு கேமரா இருந்திருந்தால் அது சாட்சியாக இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பதிவு யார் கையில் இருக்கும், பாதிக்கப்பட்டவர் கேட்டால் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. கிடைக்காதென்றால் அது நமக்கான சாட்சி இல்லை, நம் மீதான கண் மட்டுமே.

தோழர்களே, பத்து ரூபாய் செலவில் இதைத் தொடங்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் புதுச்சேரி காவல்துறையிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். எத்தனை ட்ரோன்கள் இருக்கின்றன? எந்தெந்தப் பகுதிகளின் மேல், எந்தத் தேதிகளில், யார் உத்தரவில் பறந்தன? பதிவுகள் எத்தனை நாளில் அழிக்கப்படுகின்றன? இதுவரை எத்தனை விபத்துகள் இயக்குநரகத்துக்குத் தெரிவிக்கப்பட்டன? இரண்டாவது கேள்விக்கான பதிலை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். ஊர் எங்கே, சேரி எங்கே என்பதையும் அதே வரைபடத்தில் குறியுங்கள். பாதுகாப்புப் பிரச்சினையா, சாதிப் பிரச்சினையா என்று அதற்குப் பிறகு விவாதிப்போம்.