விலை சொல்லவும் கட்டணமா?

வறுமையை முறையிட்டு வந்த அன்சாரித் தோழர் ஒருவரிடம், வீட்டில் என்ன இருக்கிறது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வினவினார்கள். ஒரு விரிப்பும் ஒரு கிண்ணமுமே இருந்தன. அவற்றைத் தம் கையில் ஏந்தி, வாங்குவோர் யார் என்று கேட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் தருவதாகச் சொன்னார். அதனினும் கூடுதலாகத் தருபவர் யார் என்று கேட்கவே, மற்றொருவர் இரண்டு திர்ஹங்களுக்கு வாங்கிக்கொண்டார். அவ்விரண்டும் குறைவின்றி உரியவரின் கைக்கே சென்றன. ஒன்றில் உணவும் மற்றொன்றில் கோடரியும் வாங்கி, அவர் விறகு வெட்டிப் பிழைக்கலானார். அபூதாவூத், இப்னுமாஜா நூல்களில் இடம்பெறும் இச்செய்தியை, ஏலம் கூடும் என்பதற்கு அறிஞர்கள் ஆதாரமாகக் காட்டுவர்.

ஏலத்தை நாம் குறைகூறவில்லை. ஏலம் நடத்துவோர் எதற்கெல்லாம் காசு கேட்கிறார்கள் என்பதே நம் கேள்வி.

1995 இல் அமெரிக்காவில் தோன்றிய ஈபே தளத்தை எடுத்துக்கொள்வோம். பொருளைப் பட்டியலிட ஒரு கட்டணம்; இது கடை வாடகை போன்றது. மாதந்தோறும் குறிப்பிட்ட எண்ணிக்கை வரை இன்று அது இலவசம். விற்றபின் ஒரு கட்டணம்; இது தரகுக் கூலி. செய்த வேலைக்குத் தரகர் கூலி பெறுவதை முன்னோர் பலர் தடுக்கவில்லை. இவ்விரண்டையும் நாம் ஏற்கிறோம்.

மூன்றாவது ஒன்று உண்டு. ஏலத்தோடு சேர்த்து, 'இந்த விலைக்கு உடனே வாங்கலாம்' என்று அறிவிக்கும் 'பை இட் நவ்' வசதி 2000 இல் வந்தது. பல ஆண்டுகள் அதற்கு 5 முதல் 25 சென்ட் வரை தனிக்கட்டணம் பெற்றார்கள். ஏலத்தில் ஒருவர் முதல் விலையைக் கேட்டதுமே அந்த அறிவிப்பு பொதுவாக மறைந்துவிடும். கொடுத்த காசோ திரும்பாது. 'இதற்குக் கீழே விற்கமாட்டேன்' என்று மறைவாகக் குறிக்கும் 'ரிசர்வ்' விலைக்கோ, 5 டாலர் அல்லது அவ்விலையில் 7.5 விழுக்காடு, எது அதிகமோ அது. உச்சவரம்பு 250 டாலர். பொருள் விற்காவிட்டாலும் செலுத்தியே ஆகவேண்டும்.

இது வாடகையா, கூலியா? இரண்டுமில்லை. தன் பொருளுக்குத் தானே விலை சொல்வது உரிமையாளனின் உரிமை. அவ்வுரிமையை அவனுக்கே விற்பது எந்த வணிக நீதி?

"சில காசுகள்தானே; நிபந்தனைகளை முன்பே சொல்கிறார்கள்; விற்பவர் சம்மதிக்கிறார்" என்று சிலர் வாதிடலாம். சம்மதம் வணிகத்தின் உயிர் என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால், வாங்குவோரெல்லாம் ஒரே சந்தையில் கூடியிருக்கையில், சிறு வணிகனின் சம்மதம் எவ்வளவு சுதந்திரமானது? தொகை சிறிதாயினும் அதன் விளைவு சிறிதன்று.

அந்த விளைவைப் பாருங்கள். நேர்மையாகத் தன் எல்லை விலையைக் குறிப்பவன் காசு கொடுக்கிறான். ஒரு டாலரில் ஏலத்தைத் தொடங்கிவிட்டு, நண்பனைக் கொண்டு பொய்யாக விலையேற்றுபவனுக்குச் செலவில்லை. இதுவே நபி (ஸல்) அவர்கள் தடுத்த 'நஜஷ்'. தளமும் இதைத் தடைசெய்கிறது; ஆயினும் நேர்மைக்குக் கட்டணம் வைத்து, மோசடியின் பக்கம் ஆசைகாட்டுவதும் அதன் கட்டண முறைதான்.

விற்பவர்களையும் நாம் விடுவதற்கில்லை. தரகு பொருளின் விலைக்கு மட்டுமே என்றிருந்த காலத்தில், விலையைக் குறைத்து அஞ்சல் செலவை உயர்த்திக் காட்டியோர் இருந்தனர். 2011 இல் அஞ்சல் செலவின் மீதும் தரகு விதிக்கப்பட்டது. இன்று வாங்குபவர் செலுத்தும் விற்பனை வரியையும் சேர்த்தே தரகு கணக்கிடப்படுகிறது. ஏய்த்தவர் சிலர், சுமப்பவர் எல்லோரும்.

ஆகவே, இத்தகைய தளங்களில் விற்கும் சகோதர சகோதரிகளே, பொருளை ஏற்றுமுன் எல்லாக் கட்டணங்களையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். எல்லை விலை உண்டெனில், அதையே தொடக்க விலையாக வையுங்கள்; அல்லது ஏலமின்றி நிலையான விலைக்கு விற்றுவிடுங்கள். கட்டணம் அநீதியானது என்பது நாம் ஏமாற்றுவதற்கு அனுமதியாகாது. தளம் நடத்துவோரிடம் நாம் கேட்பதும் ஒன்றே: விற்றுக் கொடுத்ததற்குக் கூலி வாங்குங்கள், விலை சொன்னதற்கு வாங்காதீர்கள்.

அளவிலும் விலையிலும் நேர்மை தவறாத வணிகர்களாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக.