கப்பல் யாருக்கு?

குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களில் தென்காசிப் பக்கம் வருகிறவர்கள் மலையையும் அருவியையும் பற்றிப் பேசுவார்கள். கப்பலைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். தூத்துக்குடித் துறைமுகம் இங்கிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தூரம். ஆனாலும் பிரிட்டிஷ் கப்பல் கம்பெனிகளின் சரித்திரத்தை உள்ளபடி எழுதுகிறவர் தென்காசிச் சீமையை ஒதுக்கிவிட்டு எழுத முடியாது.

அந்தச் சரித்திரம் வழக்கமாக எப்படி எழுதப்படுகிறது? நடன மண்டபம், வெள்ளித் தட்டு, காப்டனோடு விருந்து, துரைசானிகளின் உல்லாசப் பிரயாணம்! வண்ணப் படங்களுக்குக் குறைவில்லை. இந்தப் பளபளப்புக்குக் காசு கொடுத்தவன் யார், வியர்வை சிந்தியவன் யார் என்ற கேள்விக்கு மட்டும் அங்கே இடமில்லை. அந்தக் கேள்வியை நாம் கேட்போம்.

டெக்கில் போன ஜனங்கள்

பி. அண்டு ஓ. கம்பெனி 1837-இல் தோன்றியது. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி, அதாவது பி.ஐ., 1856-இல் தோன்றியது. முன்னது துரைமார்களையும் தபாலையும் சுமந்தது. பின்னது கூலிகளையும் சில்லறை வியாபாரிகளையும் சுமந்தது. 1914-இல் இரண்டும் ஒன்றாயின. துரை கொடுத்த பணமும் கூலி கொடுத்த பணமும் ஒரே பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தன.

நம் ஜனங்கள் மறக்காத பி.ஐ. கப்பல் 'ரஜூலா'. 1926-இல் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. மேல் வகுப்பு அறைகள் சொற்பமே. டெக்கிலோ ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்களை ஏற்றலாம் என்று ஒரு காலத்தில் சர்க்காரே அனுமதி தந்திருந்தது! பாயும் படுக்கையும் பிரயாணியுடையது. வெயிலும் மழையும் எல்லோருக்கும் பொது.

தென்காசி, கடையநல்லூர் முஸ்லிம் குடும்பங்கள் பல பிழைப்புத் தேடிக் கடல் கடந்தது இத்தகைய கப்பல்களின் டெக்கில்தான். ஆண்கள் சிங்கப்பூரில் உடலுழைப்பு வேலைகளில் சேர்ந்தார்கள். பெண்கள் மசாலா அரைத்து விற்றார்கள். அந்த உழைப்பாளிகள் அங்கே சங்கங்கள் அமைத்தார்கள். கடையநல்லூரார் 1946-இல் உமறுப்புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடமே கண்டார்கள். கம்பெனி விளம்பரங்களில் இவர்கள் முகம் வந்ததுண்டா?

போட்டி என்னும் பொய்

இந்த ஏகபோகத்தை எதிர்த்து நின்றவர் வ.உ. சிதம்பரம் பிள்ளை. 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் பத்து லட்சம் ரூபாய்; பங்கு ஒன்று இருபத்தைந்து ரூபாய். 1907-இல் 'காலியா', 'லாவோ' என்ற இரு கப்பல்களும் வந்து சேர்ந்தன. தூத்துக்குடி - கொழும்பு மார்க்கத்தில் வெள்ளைக் கம்பெனியின் தனியாட்சி ஆட்டங்கண்டது.

சுதந்திர வியாபாரம், நியாயமான போட்டி என்று உலகத்துக்கு உபதேசம் செய்தவர்கள் என்ன செய்தார்கள்? கட்டணத்தை அடிமட்டத்துக்கு வெட்டினார்கள். பிறகு இலவசமாகவே ஏற்றிக்கொள்கிறோம் என்றார்கள்; குடையும் கொடுத்தார்கள் என்று ஜனங்கள் இன்றும் சொல்வார்கள். அதிலும் வெற்றி கிட்டாதபோது சர்க்கார் தன் கையைக் காட்டியது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தூத்துக்குடியில் பி.ஐ. கம்பெனியின் ஏஜெண்டுகள் ஹார்வி துரைமார்கள். கோரல் மில்லின் முதலாளிகளும் அவர்களே. தென்காசிக்குத் தெற்கே, பாபநாசத்தில் தாமிரவருணித் தண்ணீரைக் கொண்டு ஓடிய பஞ்சாலையும் அவர்களுடையதே. கப்பலும் ஆலையும் ஒரே கையில் இருந்தன. ஆகவே கப்பல் போராட்டமும் ஆலைத் தொழிலாளியின் கூலிப் போராட்டமும் ஒன்று சேர்ந்தன. 1908 பிப்ரவரி 27-இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வும் பெற்றனர். மார்ச் 12-இல் வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஜூலையில் அவருக்கு ஆயுள் தண்டனை, சிறையில் செக்கு. அவருடைய கம்பெனி 1911-இல் கலைக்கப்பட்டது.

அதே ஆண்டு ஜூன் 17-இல், தென்காசிக்கு அடுத்த செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டுக் கொன்று தன்னையும் மாய்த்துக்கொண்டார். தனி மனிதனைக் கொல்வது விடுதலைக்கு வழியல்ல. அவர் விட்டுச்சென்ற கடிதத்தின் சனாதனக் கருத்தும் நமக்கு உடன்பாடல்ல. தூத்துக்குடித் தொழிலாளர் ஒன்றுபட்டு நின்று காட்டியதே சரியான வழி.

அன்றும் இன்றும் ஒரே கணக்கு

கப்பலுக்குள்ளே என்ன நிலை? 1914 வாக்கில் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் லஸ்கர்கள் என்ற பெயரில் சுமார் 50,000 பேர் உழைத்தனர். நிலக்கரி அள்ளிப் போட்டவர்களும் தளம் கழுவியவர்களும் அவர்கள். வெள்ளை மாலுமியின் கூலியில் ஒரு சிறு பங்குதான் அவர்களுக்கு. 1939-இல் யுத்தம் மூண்டதும் உயிரைப் பணயம் வைக்கிறோம், கூலியை உயர்த்து என்று பிரிட்டிஷ் துறைமுகங்களில் வேலைநிறுத்தம் செய்தார்கள். நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சிறை கிடைத்தது. கூலி உயர்வும் கிடைத்தது.

அது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். துபாய் முதலாளிகளின் கைக்கு மாறிவிட்ட பி. அண்டு ஓ. ஃபெர்ரிஸ் 2022 மார்ச் 17-இல் சுமார் 800 தொழிலாளரை ஒரே நாளில் நீக்கியது. புதிதாக எடுத்தவர்களுக்குச் சராசரிக் கூலி மணிக்கு ஐந்தரைப் பவுன். பிரிட்டனில் அப்போதைய சட்டக் கூலியோ 8 பவுன் 91 பென்ஸ்! குனார்டு கம்பெனியின் 'குயீன் மேரி 2' பிரான்ஸில் கட்டப்பட்டது. 2011-இல் பெர்முடாவில் பதிவாயிற்று. முதலாளியின் லாபத்துக்குத் தேசம் கிடையாது. தேசபக்தி தொழிலாளிக்கு மட்டுமே போதிக்கப்படுகிறது.

பெயர் மட்டும் போதாது

2011-இல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வ.உ.சி. பெயர் சூட்டப்பட்டது. மகிழ்ச்சியே. அதே ஆண்டு ஜூனில் கொழும்புக்குத் தொடங்கிய பயணிகள் கப்பல் சில மாதங்களிலேயே நின்றுபோயிற்று. 2022-இல் சென்னையிலிருந்து உல்லாசக் கப்பல் கோலாகலமாகப் புறப்பட்டது. 1961-இல் பொதுத்துறையில் அமைந்த இந்தியக் கப்பல் கழகத்தைத் தனியாருக்கு விற்க 2019 நவம்பரில் மத்திய அமைச்சரவை இசைவு தந்தது. பெயரில் வ.உ.சி., கொள்கையில் ஹார்வி என்றால் யாரை ஏமாற்றுவதற்கு?

கப்பல் கழகம் பொதுத்துறையில் நீடிக்க வேண்டும். தூத்துக்குடி - கொழும்புக் கப்பல், ஏழை எளியவர் கொடுக்கக்கூடிய கட்டணத்தில் மீண்டும் ஓட வேண்டும். எந்தக் கொடி பறந்தாலும் ஒரே வேலைக்கு ஒரே கூலி வேண்டும். தென்காசியிலிருந்து டெக்கில் போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதைக் கேட்கும் உரிமை உண்டு. கேட்க வேண்டிய கடமையும் உண்டு.