கள்ளுக்கடைப் படத்தில் இல்லாதவர்கள்

வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருகிறது, கறுப்பு வெள்ளையில் ஒரு கள்ளுக்கடைப் படம். ஓலைக் கொட்டகை, வரிசையாகப் பானைகள், குத்துக்காலிட்டு உட்கார்ந்து குடிக்கும் நாலைந்து பேர். கீழே ஒரு வரி: ‘இயற்கை பானம் குடித்து இன்பமாக வாழ்ந்த காலம்.’ நம் வயதுக்காரர்கள்தான் அதற்கு ஒரு கும்பிடு போட்டு அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

படம் பொய் சொல்லாது. ஆனால் பாதிதான் சொல்லும்.

படத்தில் இல்லாத முதல் ஆள் சர்க்கார். அது ஊரார் கூடிக் கட்டிய சாவடி அல்ல, வெள்ளைக்காரன் ஏலம் விட்ட கடை. 1886-ஆம் ஆண்டு சென்னை ஆப்காரிச் சட்டம் கள்ளையும் சாராயத்தையும் கஜானாவுக்குக் கறவை மாடாக்கியது. ஏலம் எடுத்தவர் போட்ட பணத்தை எடுக்க விற்றே தீர வேண்டும். மரமேறியவருக்கு மிஞ்சியது காய்ப்பேறிய கையும் நெஞ்சும்தான்.

1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. 1971-இல் கடைகள் திரும்ப வந்தன. விற்பனை வரி போனதா? போகவில்லை. குடிக்காதவனும் கட்டினான், குடித்தவன் இரண்டு பக்கமும் கட்டினான்.

இரண்டாவது ஆள், வாரக் கூலியை எதிர்பார்த்து உலை வைக்காமல் காத்திருந்தவள். எந்தப் படக்காரரும் அவளை எடுக்கவில்லை.

‘அப்படியானால் டாஸ்மாக் மட்டும் நியாயமா?’ என்பீர்கள். இல்லை. 1987 முதல் கள்ளுக்குத் தடை; 2003 முதல் சீமைச் சரக்கைச் சில்லறையில் விற்பது அரசே. பனையேறியின் பிழைப்பைப் பறித்துவிட்டு அரசு கல்லாவில் உட்கார்வது அநியாயம்தான். அதற்காக வாதாடுங்கள். பனையேறிக்காகப் பேசுங்கள். ஆனால் அந்தப் படத்தைப் பொற்காலத்துக்குச் சாட்சியாக இழுக்காதீர்கள்.

இனி அப்படி ஒரு படம் வந்தால் எந்த ஊர், எந்த ஆண்டு, யார் ஏலம் எடுத்தது என்று கேளுங்கள். தெரிந்ததைக் கீழே எழுதுங்கள். உங்கள் வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய அம்மாவோ அத்தையோ இருந்தால், படத்தை அவர்களிடம் காட்டி, சனிக்கிழமை ராத்திரி எப்படி இருந்தது என்று விசாரியுங்கள். அவர்கள் சொல்வதையும் சேர்த்து அனுப்புங்கள். அவர்களும் போய்விட்டால் நமக்கு மிஞ்சுவது அந்த ஒற்றை வரிதான்.