அழைத்தவர் யார்?

கோடை விடுமுறை நெருங்கும்போது நம் பெங்களூர்க் கல்லூரிகளின் அறிவிப்புப் பலகைகளில் ஒரு புதுவகை அழைப்புக் காணப்படுகின்றது. ஆறு வாரம் அயல்நாடு ஒன்றிற்குச் சென்று ஏழைக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கலாம், கடலாமைகளைக் காக்கலாம், சிற்றூரில் பள்ளிச் சுவர் எழுப்பலாம். முடிவில் சான்றிதழ் உண்டு. தொடக்கத்தில் கட்டணமும் உண்டு. பட்டப்படிப்புப் பயிலும் மகனோ மகளோ அத்தாளைக் கொண்டுவந்து நீட்டும்போது, மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் பெற்றோர் திகைப்பது இயல்பே. “அனுப்பலாமா, வேண்டாமா?” என்று சங்க அன்பர்கள் சிலர் நம்மிடம் கேட்டதுண்டு. இத்திங்கள் அக்கேள்வியையே எடுத்துக்கொள்வோம்.

பிறர்க்கு உதவ வேண்டும் என்னும் எண்ணம் இளமையிலேயே எழுவது நற்பேறு. அதனை ஏளனம் செய்தல் பெரியோர்க்கு அழகன்று. கடல் கடந்து சென்று தொண்டாற்றும் வழக்கமும் நேற்றுத் தோன்றியதன்று. அதன் வரலாற்றைச் சிறிது நோக்கினால் நம் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

முதல் உலகப் போர் முடிந்தபின், 1920ஆம் ஆண்டில், பியர் செரெசோல் என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் பிரான்சு நாட்டில் வெர்டன் போர்க்களத்தை அடுத்த எஸ்ன் என்னும் சிற்றூருக்குச் சில நண்பர்களுடன் சென்றார். குண்டுகளால் தரைமட்டமான அவ்வூரைத் திருத்திக் கொடுப்பதே அவர்கள் நோக்கம். அக்குழுவில் செருமானியரும் இருந்தனர். அழித்த நாட்டாரே வந்து கட்டிக் கொடுத்தல் எத்துணை உயர்ந்த எண்ணம்! ஆயினும், தம் மக்களைப் போரில் பறிகொடுத்து நின்ற அப்பகுதியார் பலர்க்குச் செருமானியர் முகத்தைக் காணவும் மனம் ஒப்பவில்லை. எதிர்ப்பு வலுத்தது. சில திங்களில் பணி நின்றது. 1921இல் குழு கலைந்தது. உதவுவோர் உள்ளம் தூயதாயிருந்தால் மட்டும் போதாது, உதவி பெறுவோர் உள்ளமும் இசைய வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

செரெசோல் சோர்ந்துவிடவில்லை. அவர் தொடங்கிய இயக்கம் சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல் என்னும் பெயரால் வளர்ந்தது. 1934ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் பீகாரைப் பெருநிலநடுக்கம் குலுக்கியது. செய்தி அறிந்த செரெசோல் அவ்வாண்டே இந்தியாவுக்கு வந்தார். வந்தவுடன் மண்வெட்டியை எடுத்துவிடவில்லை. காந்தியடிகளையும், அங்குத் துயர்துடைப்புப் பணியை முன்னின்று நடத்திய இராசேந்திர பிரசாத்தையும் கண்டு பேசினார். நாட்டு மக்கள் வேண்டுவது யாது, தம்மால் இயல்வது யாது என்று ஆராய்ந்தார். பின்னரே தோழர் சிலரை அழைத்துக்கொண்டு மீண்டும் வந்து, வெள்ளத்துக்கு இரையாகும் ஊர்களை மேட்டு நிலத்தில் புதிதாக அமைக்கும் பணியில் ஊராரோடு சேர்ந்து உழைத்தார். அப்பணி 1937 வரை தொடர்ந்தது. அவர் பொறியாளர், அவருடைய கல்வி அங்குப் பயன்பட்டது. எஸ்னில் நின்றுபோன பணி பீகாரில் நிலைபெற்றது.

பிரிட்டனின் வி.எஸ்.ஓ. என்னும் அமைப்பின் வரலாறும் நோக்கத்தக்கது. 1958இல் அது தொடங்கியபோது பள்ளிப் படிப்பை முடித்த பதினெட்டு வயது இளைஞரையே அயல்நாடுகளுக்கு அனுப்பியது. பின்னர்ப் பட்டதாரிகளை அனுப்பியது. அதன்பின், தொழிலில் தேர்ந்து பழகியவர்களையே மிகுதியும் நாடியது. ஆர்வத்தோடு கைத்திறனும் வந்தால்தான் ஏற்கும் நாட்டுக்குப் பயன் என்பதைக் காலம் கற்பித்தது.

இனி, மறுபக்கத்தையும் கூறியாக வேண்டும். கம்போடிய நாட்டில் 2005ஆம் ஆண்டில் 154 குழந்தைகள் இல்லங்கள் இருந்தன. 2010இல் அவை 269 ஆயின என்று அந்நாட்டு அரசும் யூனிசெப் நிறுவனமும் 2011இல் வெளியிட்ட ஆய்வு கூறுகின்றது. தாய் தந்தையை இழந்த பிள்ளைகள் பெருகியதனால் இல்லங்கள் பெருகவில்லை. தாயோ தந்தையோ உயிரோடிருக்கும் பிள்ளைகளே அவற்றில் மிகுதி. வறுமை அவர்களை அங்குத் தள்ளியது. குழந்தைகளைக் காண வரும் அயல்நாட்டாரின் இரக்கமும் பணமும் அவ்வில்லங்களை வளர்த்தன. ஆறு வாரம் அன்பு காட்டிய அக்காள் விமானமேறிவிடுகிறாள். அடுத்த வாரம் வேறொருத்தி வருகிறாள். ஒட்டிக்கொண்ட நெஞ்சைப் பிய்த்தெடுத்து, மறுபடி ஒட்டி, மறுபடி பிய்த்தெடுப்பதைத் தொண்டு என்று எவ்வாறு கூறுவது? இதனை உணர்ந்தே ஆஸ்திரேலிய அரசு, இத்தகைய இல்லங்களுக்குக் குறுகிய காலத் தொண்டுக்காகச் செல்ல வேண்டா என்று 2018இல் தன் மக்களுக்கு அறிவுரை கூறியது.

ஆகவே, அத்தாளைக் கொண்டுவரும் பிள்ளையிடம் வேண்டும், வேண்டா என்று உடனே கூற வேண்டுவதில்லை. பக்கத்தில் அமர்த்தி நான்கு கேள்விகள் கேட்டால் போதும்.

அழைத்தவர் யார்? அவ்வூர் மக்களும் அவ்வூர்ப் பள்ளியுமா, அல்லது கட்டணம் பெறும் இடைநிறுவனம் மட்டுமா? ஊரில் பொறுப்பேற்றிருப்பவர் பெயரும் முகவரியும் தர இயலாத நிறுவனத்தை நம்புதல் அரிது.

நீ செய்யப்போகும் வேலையை அவ்வூரார் ஒருவர் கூலிக்குச் செய்ய மாட்டாரா? சுவர் எழுப்பக் கொத்தனார் அங்கும் உண்டு. செங்கல் பிடித்தறியாத கை எழுப்பும் சுவர், அவருடைய ஒரு மாதப் பிழைப்பைக் கெடுப்பதாய் முடியலாம்.

நீ திரும்பியபின் அவ்வேலை என்ன ஆகும்? தொடர்ந்து நடத்த ஆளிருந்தால் நன்று. நீ வரும்போது தொடங்கி, நீ போகும்போது முடியும் வேலை உனக்காகவே அமைக்கப்பட்டதாயிருக்கலாம்.

நான்காவது, பணமும் சட்டமும். கட்டணத்தில் அவ்வூருக்குச் சேர்வது எவ்வளவு என்பதை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். ஊதியமில்லை என்பதனால் சுற்றுலா விசாவே போதும் என்று எண்ணிவிடலாகாது. பிரிட்டனுக்குப் பார்வையாளராகச் செல்வோர் பதிவு பெற்ற அறநிலையத்தில் 30 நாள் வரையில் தொண்டாற்றலாம். அதற்கு மேல் இடமில்லை. தாய்லாந்திலோ ஊதியமில்லாத வேலைக்கும் உரிமம் வேண்டும். இதில் தவறினால் தண்டனை பிள்ளைக்கே, கட்டணம் வாங்கியவர்க்கன்று.

இந்நான்கிற்கும் நேரான விடை கிடைக்குமானால் மகிழ்ச்சியோடு அனுப்புங்கள். கிடைக்காவிடின், அது தொண்டின் பெயர் பூண்ட சுற்றுலா. சுற்றுலாவில் இழிவொன்றுமில்லை, உலகம் காண்பதும் கல்வியே. ஆனால் அதனை அப்பெயராலேயே அழைத்து, அதற்காக வருங்கால வைப்பு நிதியில் கைவைப்பதா, இரண்டாம் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தை ஒத்திப்போடுவதா என்று வீட்டார் கூடி முடிவு செய்தல் நேர்மை.

இன்னொன்றும் உண்டு. பிழைப்பை நாடிப் பிறரூருக்கு வந்தவர்கள் நாம். வந்த ஊரில் முதலில் வேண்டுவது அவ்வூர் மொழியும், அவ்வூரார் மனமும் என்பதை நம் மூத்தோர் புத்தகத்தில் படித்து அறியவில்லை; மார்க்கெட்டிலும் பேருந்திலும் வாடகை வீட்டுத் திண்ணையிலும் அறிந்தனர். அவர்கள் வழிவந்த பிள்ளை, பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் நான்கு வாக்கியம் கன்னடம் பேசத் தயங்கிக்கொண்டு, ஆறு வாரத்தில் அயல்நாட்டுச் சிற்றூரைத் திருத்திவிடலாம் என்று புறப்படுதல் பொருந்துமா?

தமிழும் கன்னடமும் தெரிந்த பிள்ளையிடம் இவ்வூர்க்கு வேண்டிய செல்வம் ஒன்று இருக்கின்றது. நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்கும் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்கும் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கங்களிலிருந்து நோயாளிகள் வருகின்றனர். எந்தச் சாளரத்தில் சீட்டு வாங்குவது, எந்தத் தளத்தில் மருத்துவரைக் காண்பது என்று அறியாது, மருந்துத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் முதியவர்க்கு இருமொழி அறிந்த இளைஞர் ஒருவர் எத்துணைப் பெரிய துணை! 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டம் இன்றும் கல்லூரிகளில் நடைபெறுகின்றது. ஆண்டுக்கு 120 மணி நேரப் பணியும், சிற்றூரில் ஏழு நாள் முகாமும் அதில் உண்டு. விமானச் சீட்டு வேண்டா. ஆனால் இங்கும் அதே விதிதான்: மருத்துவமனையாயினும் சிற்றூராயினும், முதலில் கேட்டு, இசைவு பெற்று, அவர்கள் காட்டும் வேலையைச் செய்தல் வேண்டும்.

இங்கு ஓராண்டு அவ்வாறு பழகிய பிள்ளை அடுத்த கோடையில் அயல்நாட்டுக்குப் புறப்படட்டும். கேட்கத் தெரிந்த செவியோடும், செய்யத் தெரிந்த கையோடும் செல்லும் விருந்தினரை எந்த ஊரும் வெறுப்பதில்லை. அத்தகைய பிள்ளையை வழியனுப்ப, சங்கத்தார் அனைவரும் விமான நிலையத்துக்கு வருவோம்.